பின்சந்தில் வெயில் குறைவு

ஜூன் 1, சனி

கான்வென்டில் எங்களை ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். அன்றிலிருந்து இந்த எழுபத்து நான்கு வயதுவரை அப்படித்தான் எழுதி வந்தேன். ஆனால் உண்மையான கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது என்பது இன்று மாலை தெரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து தமிழ்.

அன்ஸ்லம் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். யாருடைய குழந்தை என்று கேட்டேன். "எம் பிள்ளதான் ஆன்ட்டி" என்றான். வயது நான்கு. கல்யாணம் இல்லை. எனக்குச் சொல்லவும் இல்லை. இவன் என் பள்ளித்தோழி ஃபுளோராவின் மகன். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக இவனைக் கையில் ஏந்தி, இவன் சார்பில் பசாசை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தவள் நான். ஃபுளோரா இறந்த பிறகு, ஒவ்வொரு முறை கப்பல் வேலையிலிருந்து இறங்கியதும் இவனுக்கு முதல் சாப்பாடு என் வீட்டில்தான். என் மேஜையில் உட்கார்ந்து, என் மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே இவ்வளவு காலம் மறைத்திருக்கிறான்.

தாயின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, இந்து. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இவன் எத்தனையோ முறை கேட்டானாம், அவள்தான் மறுத்துவிட்டாளாம். இரவு டூட்டிக்குப் போகும்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போகிறாளாம். "பிள்ள வளருற வீடா ஆன்ட்டி அது?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

என் மனம் இளகவில்லை. வீட்டு வேலைக்கு இருக்கும் சந்தனமேரியிடம் மாடி அறையில் படுக்கை போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

குழந்தையின் பெயர் இளவேனில். புனிதர் பெயர் இல்லை, பாட்டன் பெயரும் இல்லை. பருவகாலத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், ஓட்டலுக்கு வைப்பதுபோல.

ஜூன் 3, திங்கள்

அன்ஸ்லம் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். கோர்ட்டுக்கு நாம் போகவே வேண்டாம் என்றாராம். பிள்ளை கையில் இருக்கிறது. நல்ல வீடு, நல்ல பள்ளிக்கூடம், பழகிய ஆட்கள் என்று சில மாதம் ஓடிவிட்டால், அதற்குப் பிறகு எந்த நீதிபதியும் சட்டென்று பிடுங்கிக் கொடுக்க மாட்டார். வேண்டுமென்றால் அவள் போய் ஆர்டர் வாங்கி வரட்டும். யார் வந்து கேட்டாலும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: ஆர்டர் இருக்கிறதா?

எனக்கு இது நியாயமாகப் பட்டது. ஒழுங்கில்லாத இடத்தில் யாராவது ஒருவர் ஒழுங்கைத் தொடங்கித்தானே ஆகவேண்டும்.

ஜூன் 5, புதன்

நான் படித்த கான்வென்டுக்கே போனேன். எல்.கே.ஜி.யில் இடமில்லை என்று வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். சிஸ்டர் கிளாரிஸ் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார், இடம் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழின் நகலில் தகப்பன் பெயர் இருந்தது. "தாயார் வரலையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அது பொய் இல்லை.

பழைய மாணவியர் சங்கத்துக்கு நான் தலைவியாக இருந்தபோது, சின்ன வகுப்புக் குழந்தையை யார் கொண்டுவந்து விடுகிறார்களோ அவர்களிடம்தான் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்தேன். அது இன்னும் நடப்பில் இருக்கிறதாம். என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. சீருடை முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை, தையல்காரனைப் பிடித்துத் திட்டினேன். மார்பில் கைக்குட்டையை நானே குத்திவிட்டேன். அழாமல் உள்ளே போனாள். "அம்மாகிட்ட நான் பள்ளிக்கூடம் போனேன்னு சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நேராக நட என்று சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

நான் வைத்த பெயரைச் சொல்லி ஆக்னஸ் என்று கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லை. "அது எம் பேரு இல்ல" என்கிறாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததோ.

ஜூன் 15, சனி

காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாளாம். அன்ஸ்லம் பம்பாய்க்குப் போயிருக்கிறான், கம்பெனியில் ஏதோ காகிதம் சரிசெய்ய வேண்டுமாம். சந்தனமேரியின் காதைக் கொடுத்துப் பார்த்தோம், பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் நான் பக்கத்தில் படுத்தேன். என் வைரத்தோடு அவள் விரலில் குத்தியது. என் கணவர் கேப்டன் போட்டுவிட்ட தோடு. அவர் இறந்தபோதுகூட அதைக் கழற்ற மாட்டேன் என்று அவருடைய அக்காளிடம் சண்டை போட்டவள் நான். சுகாதாரத்தை முன்னிட்டுக் கழற்றி வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

அவள் வந்துவிட்டாள்.

காலை பத்து மணியிருக்கும். வெளிக்கதவில் தட்டும் சத்தம். கன்னத்தில் எலும்பு தெரிகிற ஒல்லியான பெண், நீலச் சுடிதார், தோளில் பை. அவளுக்கு வாரவிடுமுறை செவ்வாய்க்கிழமைதானாம். பத்து நாள் லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்று அன்ஸ்லம் சொன்னானாம், அதன்பிறகு போனை எடுக்கவில்லையாம். ஒவ்வொரு தெருவாக விசாரித்து வந்திருக்கிறாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டேன்: "உன்னிடம் கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்கிறதா?"

"பெத்தவளுக்கு எதுக்கும்மா ஆர்டர்?"

"அதைக் கோர்ட்டில் போய்க் கேள்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தனமேரியிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். எதிரியானாலும் வாசலில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கும் வீடு இது.

குடித்துவிட்டு அங்கேயே நின்றாள். "போவ மாட்டேங்காம்மா" என்று சந்தனமேரி நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து சொன்னாள். அவளுக்கு வேறு வேலையில்லை.

மதியம் பள்ளி விட்டதும் ஆக்னஸைப் பின்சந்து வழியாகக் கூட்டி வந்து கொல்லைக்கதவில் நுழைந்தேன். அந்தச் சந்தில் வெயில் குறைவு.

ஜூன் 25, செவ்வாய்

இந்த முறை மகளிர் போலீஸ் ஒருத்தியைக் கூட்டி வந்தாள். சின்ன வயசுதான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். சோபாவில் உட்காரச் சொன்னேன், டீ கொடுத்தேன். கூட வந்தவள் கதவருகே நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கேப்டன் மச்சாடோவின் வீடு என்று தெரிந்ததும் போலீஸ்காரியின் குரலே மாறிவிட்டது. இது குடும்ப விஷயம், தகப்பன்தான் வைத்திருக்கிறார், கடத்தல் என்று எழுத முடியாது, கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கி வாம்மா என்று அவளிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு காகிதம்கூடக் கேட்கவில்லை.

போகும்போது கதவருகே நின்றவள் சுவரைப் பார்த்தாள். ஆக்னஸ் பென்சிலால் கிறுக்கிய இடம். சுத்தம் செய்யச் சொல்லி மூன்று நாளாயிற்று, சந்தனமேரி செய்யவில்லை. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெற்றி பெற்றவளுக்குப் பசிக்க வேண்டும். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. புளி அதிகம்.

ஜூன் 27, வியாழன்

அன்ஸ்லம் திரும்பிவிட்டான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறான். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், ஊசி போட்ட தோள். மாலையில் அடுப்படிக்குப் போய்ச் சந்தனமேரியிடம் மெதுவாக ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று பிறகு அவளிடம் விசாரித்தேன். மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்துத் தர வேண்டுமாம். தேங்காய் போடாமல், நன்றாக வறுத்து, கெடாதபடி.

இந்த ஊரில் வீட்டில் சாப்பிடுகிற மாசிச் சம்பலுக்குத் தேங்காய் போடுவோம். தேங்காய் போடாத சம்பல் கடலுக்குப் போவது.

கேப்டன் ஒருநாளும் புறப்படும் தேதியை என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேனாம். முடிவெட்டு, ஊசி, தேங்காய் இல்லாத சம்பல், இந்த மூன்றையும் வைத்து நானே கண்டுபிடித்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் பெட்டி வாசலில் இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காலண்டரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டில் நேராகக் கேட்டேன்: "எப்போது ஏறுகிறாய்?"

இல்லை என்றான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வாரம் ஆன்ட்டி. ஆறு மாசந்தான். நீங்க இருக்கீங்கள்ல" என்றான்.

தாய் கவனிக்கவில்லை என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கி வந்தவன், ஆறு மாதம் கடலில் இருக்கப் போகிறான். மாதாகோயில் திருவிழாவுக்குக்கூட நிற்கவில்லை. நான் கையில் இருந்த கரண்டியை மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் எழுதுவேன், சந்தனமேரி வேறு மாதிரி சொல்லுவாள்.

ஜூலை 3, புதன்

போய்விட்டான். வாசலில் பெட்டி.

ஆக்னஸ் கேட்டாள்: "எங்கம்மாவும் கப்பல்லதான் இருக்காளா?"

ஜூலை 5, வெள்ளி

தாயிடம் கொடுத்துவிடலாமே என்று சந்தனமேரி முணுமுணுக்கிறாள். அவளுக்குப் படிப்பின் அருமை தெரியாது. முதல் பருவத்தின் நடுவில் ஒரு குழந்தையைப் பள்ளி மாற்றுவது எவ்வளவு கெடுதல். இப்போதுதான் கரண்டியைச் சரியாகப் பிடிக்கிறாள், "ப்ளீஸ்" சொல்லப் பழகியிருக்கிறாள். மேலும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு, எப்போது என்று சந்தனமேரி கேட்டாள். பதில் சொல்ல அவசியமில்லை.

மழைக்காலத்துக்கு ஒரு சின்னக் குடை வாங்கினேன். மஞ்சள்.

ஜூலை 9, செவ்வாய்

நின்றாள். தண்ணீர் கொடுத்தனுப்பினேன். பின்சந்து.

ஜூலை 16, செவ்வாய்

 

காற்று பலமாக அடித்தது. துறைமுகத்துப் பக்கத்துக் கரித்தூள் எல்லாம் தெருவில். அவள் முக்காடு போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். இனி வரவேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிடலாம் என்று நான் வெளியே போனேன். நீ கல்யாணம் வேண்டாம் என்றுதானே சொன்னாய், அப்போது தெரியவில்லையா இதெல்லாம் என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நானாம்மா வேண்டாம்னேன்? நீங்க சரின்னு சொல்லியிருந்தா அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். வேத்து மதத்துப் பிள்ளயக் கட்டினா எங்க ஆன்ட்டி விஷத்தக் குடிச்சிருவாங்கன்னு அவருதான் சொன்னாரு. கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறுன்னே ஓட்டிட்டாரு."

விஷமா? நானா? தற்கொலை எங்கள் சபையில் எப்பேர்ப்பட்ட பாவம் என்று இவனுக்கு ஞான உபதேசம் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். எந்த நாளில், எந்த அறையில் நான் அப்படிச் சொன்னேன்? இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதையே நான் ஜூன் ஒன்றாம் தேதிதான் கேள்விப்பட்டேன்.

அப்படித்தான் அவளிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "பிள்ள பிறந்ததும் போட்டோ குடுத்துவிட்டேன். நீங்க கையால தொடவே மாட்டேன்னுட்டீங்களாமே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கம்மா கடலைமிட்டாய் போட்டுக் குடுத்துவிடுவா. அதையாவது சாப்பிட்டீங்களா, அதையும் கீழ போட்டீங்களா?"

சாப்பிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பிட்டேன். கோவில்பட்டி ஸ்டேஷனில் வாங்கினேன் ஆன்ட்டி என்று கொண்டுவந்து கொடுப்பான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டி, நூலால் முடிச்சுப் போட்டிருக்கும். கடையில் யார் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் துணி கட்டிக் கொடுப்பார்கள்? ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேடியதுதான் ஞாபகம் இருக்கிறது. காலி பாட்டில்களில் இப்போது என் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் இருக்கின்றன.

கதவைத் திறந்தேன். வராந்தாவில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாளாம். கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளைக்குத் தாய்தான் முதல் கார்டியன் என்று சொன்னார்களாம். "ஆனா எங்க போனாலும் என்னத்தான் ஆர்டர் கேக்காங்க. அவர்கிட்ட யாரும்மா கேட்டா? ஒங்ககிட்ட யாரு கேட்டா?"

வக்கீல் சொன்னதில் இந்தப் பாதியை அன்ஸ்லம் எனக்குச் சொல்லவில்லை.

பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு யோசிக்க அவகாசம் வேண்டும், அடுத்த செவ்வாய் வா என்றேன். அவள் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் போய் நின்றாள்.

பின்சந்து வழியாகத்தான் கூட்டி வந்தேன். தெருவில் கரித்தூள் அதிகம்.

ஜூலை 17, புதன்

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்கவில்லை.

பிற்பகல்

தையல்காரனைத் திட்டினேன், பால்காரனைத் திட்டினேன். மிளகாய்த்தூள் பாட்டில்களை எல்லாம் காலி செய்து கழுவச் சொன்னேன். சந்தனமேரி, "பாட்டில் என்னம்மா பண்ணிச்சு?" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

சிங்கப்பூரிலிருந்து அன்ஸ்லம் போனில் வந்தான். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் எப்போது விஷம் குடிப்பதாகச் சொன்னேன் என்று கேட்டேன்.

 சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது ஆன்ட்டி என்றான். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, நீங்கள் பெரியவங்க, உங்கள் பேரைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்றான். அதைப் பாராட்டாகவே சொன்னான். கல்யாணத்துக்கு அவனுக்கே மனமில்லை. அவளை விடவும் மனமில்லை. அவள் இனி வராதே என்றதும், பிள்ளையை எடுத்துக்கொண்டால் பின்னாலேயே வருவாள் என்று நினைத்திருக்கிறான். வந்தால், என் கதவில் முட்டிக்கொள்ளட்டும். அவன் கடலில் இருப்பான்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"ஏன் ஆன்ட்டி கோவப்படுறீங்க? நீங்களும் ஆசப்பட்டுத்தானே வச்சுருக்கீங்க? நான் ஏறி ரெண்டு வாரமாச்சு. குடுக்கணும்னா அன்னைக்கே குடுத்துருப்பீங்கள்ல."

போனை வைத்துவிட்டேன்.

மாடிக்குப் போனேன். மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், அது கெட்ட பழக்கம். மஞ்சள் குடையை விரித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வீட்டுக்குள் குடை விரிக்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். மடக்கி வைக்கப் போனேன். வைக்கவில்லை.

கீழே வந்து சந்தனமேரியிடம், அந்தப் பெண்ணின் போன் நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசனை கேட்டேன். அவள் இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். முதல் செவ்வாயன்றே வாங்கி வைத்திருக்கிறாள். தினமும் பிள்ளை சாப்பிட்டாளா, தூங்கினாளா, இருமினாளா என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், என் அடுப்படியில் நின்று, என் சம்பளத்தில். சுவரில் இருந்த பென்சில் கிறுக்கலையும் வேண்டுமென்றேதான் அழிக்காமல் விட்டாளாம். "வேலய விட்டு நிறுத்துனாலும் நிறுத்துங்க" என்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

நிறுத்தவில்லை. இந்த வீட்டில் ஒருத்தியாவது ஒழுங்காக நடந்திருக்கிறாள் என்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

நான் போனில் கூப்பிட்டதும் செண்பகவல்லி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் முன்தெரு வழியாகவே பள்ளிக்கு நடந்தோம். அவள் என் குடைக்குள் வரவில்லை.

சிஸ்டர் கிளாரிஸ் என்னைப் பார்த்து எழுந்தார், பிறகு அவளைப் பார்த்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். இவள்தான் தாய். பிள்ளையை இவளிடம் ஒப்படைக்கிறோம், பெயரையும் எடுத்துவிடுங்கள். சிஸ்டர் தயங்கினார். தகப்பன் பெயரில் சேர்த்த பிள்ளை, நாளைக்கு அவர் வந்து கேட்டால் பள்ளிக்குச் சங்கடம் என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். பிறகு தமிழில் அவளைக் கேட்டார்: "கோர்ட் ஆர்டர் ஏதும் வச்சிருக்கியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அன்று கம்பிக்குப் பின்னால் நின்று நான் கேட்ட கேள்விதான். இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன்.

"சிஸ்டர்," என்றேன், "ஜூன் ஐந்தாம் தேதி இதே நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் குழந்தையைச் சேர்த்தேன். நான் அவளுக்கு ரத்த உறவுகூட இல்லை. என்னிடம் என்ன ஆர்டர் இருந்தது? நீங்கள் கேட்டீர்களா?"

"உங்களுக்குத் தெரியாததா மிசஸ் மச்சாடோ, உங்களைப் போய் நாங்க..."

"அதைத்தான் சொல்கிறேன். என்னிடம் இல்லாத காகிதத்தை இவளிடம் கேட்காதீர்கள். யார் விட்டார்களோ அவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. விட்டவள் நான். கூப்பிடுங்கள்."

விதியை எழுதியவளிடம் விதியைப் பற்றி யாரும் விவாதிக்க முடியாது. ஆயா போய்க் கூட்டி வந்தாள்.

குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தாழ்வாரத்தின் பாதியில் நின்றுவிட்டாள். தாயைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து, கையில் இருந்த தண்ணீர் பாட்டிலால் அவள் தொடையில் அடித்தாள். மறுபடி அடித்தாள். "ஏன் வரல? ஏன் வரல? ஏன் வரல?"

செண்பகவல்லி தடுக்கவில்லை. அடி ஓயும்வரை நின்றாள். வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு செவ்வாயும் வந்தேன், இந்த அம்மா கதவைத் திறக்கவில்லை என்று என்னைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவள் சொல்லவில்லை. குனிந்து தூக்கிக்கொண்டாள். குழந்தையின் கை தானாக அவள் காதுக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். உள்ளே ஏறிய பிறகு சொன்னாள்: "இதுக்கு நன்றி சொல்லுவேன்னு எதிர்பாக்காதீங்க."

"எதிர்பார்க்கவில்லை" என்றேன். அது பொய் இல்லை.

ஜூலை 20, சனி

மஞ்சள் குடை இங்கேயே இருக்கிறது. கூரியரில் அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 22, திங்கள்

சந்தனமேரி பேச்சுவாக்கில் ஆக்னஸ் என்றாள். "இளவேனில்" என்று திருத்தினேன். பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா. கூட்டம். நான் போகவில்லை, முழங்கால். தெருவில் பலூன்காரன் எங்கள் வீட்டுக் கதவருகே நின்று ஊதிக்கொண்டே இருந்தான். இங்கே குழந்தைகள் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 25, புதன்

கடலைமிட்டாய் வரவில்லை. ஏன் வரவேண்டும்?

தோடு மேஜை டிராயரில் இருக்கிறது. போட்டுக்கொள்ள எடுத்தேன். காது எரிச்சலாக இருந்ததால் வைத்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

செண்பகவல்லி போன் செய்தாள். சந்தனமேரிக்கு அல்ல, எனக்கு.

அன்ஸ்லம் இறங்கிவிட்டானாம். கொச்சியிலிருந்து மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அவள் வீடு மாறிவிட்டாள், எங்கே என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை. தகப்பன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று அவள் சொல்ல மாட்டாளாம். ஆனால் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பகலில்தான் பார்க்கவேண்டும். அவள் கூட இருக்கவேண்டும். வெளியே கூட்டிப் போகக் கூடாது.

"எங்க வச்சுப் பாக்கதுன்னு யோசிச்சேன். ஒங்க வீட்டுல வச்சுத்தான் பாக்கணும்னு சொல்லிருங்க" என்றாள்.

ஏன் என் வீடு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒங்க கதவு எப்படிப்பட்ட கதவுன்னு எனக்குத் தெரியும்ல. நான் எத்தன வாரம் நின்னுருக்கேன்."

பிறகு, பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள், என் வீட்டில் நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் பாட்டு. உச்சரிப்பு மறுபடியும் கெட்டுப்போய்விட்டது. போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 11, சனி

வந்தான். காலை பதினோரு மணி வெயிலில் பெரிய பெட்டி, கையில் ஒரு பார்பி பொம்மை. தாடி விட்டிருக்கிறான். கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தானே கையை விட்டுத் திறக்கப் பார்த்தான். உள்ளே பூட்டும் போட்டிருந்தேன்.

"என்ன ஆன்ட்டி பூட்டு? பிள்ள எங்க?"

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டேன்: "ஆர்டர் இருக்கிறதா?"

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். நான்தானே ஆன்ட்டி தகப்பன் என்றான். அம்மா இருந்திருந்தால் இப்படி நிற்கவிடுவாளா என்றான். ஃபுளோராவைச் சொன்னால் எனக்கு இளகும் என்று அவனுக்குத் தெரியும். அந்த வழி இனிமேல் இல்லை.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை, ஒருமுறைதான் சொன்னேன், கான்வென்டில் டிக்டேஷன் கொடுப்பதுபோல. அவள் சரி என்று சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், இந்த வராந்தாவில். அவளும் இருப்பாள், நானும் இருப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட் திறந்திருக்கிறது, அவன் போகட்டும்.

"அவகிட்ட நான் கேக்கணுமா?"

"ஆமாம். என் பெயரைச் சொல்லாமல், உன் வாயால் கேள்."

பொம்மையைக் கம்பி வழியாக நீட்டினான். வாங்கவில்லை. நீயே கொடு என்றேன். அங்கேயே நின்றான். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். "இவனும் போவ மாட்டேங்கான்மா" என்று சந்தனமேரி வந்து சொன்னாள், சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலாமல்.

ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். அதே தம்ளர்.

வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. பின்சந்தில் வெயில் குறைவு என்று அவனிடம் நான் சொல்லவில்லை.